ஓரத்தில் எழுதாதே

சிவப்புப் பேனா சீக்கிரம் தீர்ந்துபோகிற தொழில் எங்களுடையது. கணக்கு ஆசிரியருக்கு ஒரு பேனா ஒரு பருவம் முழுக்க வரும். தமிழ் ஆசிரியைக்கு அது ஒரு கட்டுக் கட்டுரைக்குக்கூடத் தாங்காது. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கி வழிந்தவர்களே, மரம் வளர்ப்பதன் பயன்களை ஒரு வகுப்பு முழுவதும் எழுதியதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, சோறு பிசையும்போது "முன்னுரை" என்று முனகியவர்களே, இது உங்களுக்காகத்தான்.

நான் சேந்தமங்கலத்துக்காரி. கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் பஸ்ஸில் மலை ஏறி, சாயங்காலம் இறங்குகிற பிழைப்பு. எங்கள் தொழிலில் தேர்வு இரண்டு வகை. நாலு விடை கொடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஒன்று. புத்தகத்தில் அதற்குக் கொள்குறி வினா என்று பெயர், பிள்ளைகள் வாயில் "ஒரு மார்க்". இன்னொன்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிற நெடுவினாவும் கட்டுரையும். இரண்டில் எது மேல் என்று பயிற்சி வகுப்புகளில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து விவாதிக்கச் சொல்வார்கள். அங்கே நான் பிஸ்கட்டை மட்டும் கவனித்துவிட்டு வந்துவிடுவேன். எனக்கு மலைமேல் நடந்ததைச் சொல்லத்தான் தெரியும்.

வளைவில் ஓடிய பேனா

எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ரஃபீக் சார். அவரும் சேந்தமங்கலம்தான். கடைவீதியில் அவர் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை உண்டு. தினமும் ஒரே பஸ், முன்னும் பின்னுமாக உட்காருவோம். ஒரு மார்க் தாளைத் திருத்த அவரிடம் ஓர் அட்டை இருக்கும். சரியான விடை வருகிற இடங்களில் மட்டும் ஓட்டை போட்ட அட்டை. அதைத் தாள்மேல் வைப்பார். ஓட்டை வழியாகக் கருப்பு தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் இல்லை. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் அப்படியும் இப்படியும் சாய்ந்துகொண்டே இறங்கும். சார் ஒரு வகுப்பையே முடித்துவிட்டு, அடிவாரம் வருவதற்குள் கொட்டாவி விடுவார். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ரோஷம் வந்து நானும் ஏழாம் வகுப்புக் கட்டுரைகளைப் பஸ்ஸில் விரித்தேன். முதல் வளைவிலேயே என் பேனா தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. அடுத்த வளைவில் திரும்பி வந்தது. அதற்கும் அடுத்ததில் எனக்குக் குமட்டி, கட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் தாளைக் கொடுத்தபோது கோகிலா எழுந்து வந்தாள். கடைசி பெஞ்சுப் பெண். கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டாலோ நிறுத்தத் தெரியாது. அவள் கட்டுரைக்குக் குறுக்கே ஓடிய சிவப்புக் கோட்டை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போய், அது நின்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது நம்ம ரோடுங்களா டீச்சர்? இந்த வளைவுலதான் உங்களுக்குத் தல சுத்துச்சுங்களா?"

பஸ் ஏறாத பயணம்

எழுத்துத் தேர்வுக்கு நான் வக்காலத்து வாங்கப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருக்கிற அநியாயம் எனக்குத் தெரியும். காலையில் காபி குடித்த கையோடு ஏழு மார்க் போட்ட கட்டுரைக்கு, சாயங்காலம் தலைவலியோடு போட்டால் நாலுதான் வரும். அதனால் தலைமை ஆசிரியர் ஒருமுறை, என் தாள்களை இன்னோர் ஆசிரியரும் திருத்திப் பார்க்கட்டும் என்றார். பள்ளிக்கு நான் ஒருத்திதான் தமிழ். வேறு யார் இருக்கிறார்கள்? கட்டு ரஃபீக் சார் தலையில் விழுந்தது.

தலைப்பு "நான் சென்ற பயணம்". வகுப்பே வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து மாமல்லபுரம் போய் வந்திருந்தது. மலையைவிட்டு இறங்காத பிள்ளைகள்கூடக் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றிருந்தார்கள். கோகிலா மட்டும் எங்கேயும் போகவில்லை. அவள் அம்மாவும் அப்பாவும் தை பிறந்ததும் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். சித்திரையில்தான் திரும்புவார்கள். அதுவரை அவளும் தம்பியும் சித்தப்பா வீட்டில் இருப்பார்கள். அவர்கள் திரும்பி வருகிற நாளில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றதை மூன்று பக்கம் எழுதியிருந்தாள். முதல் பஸ்ஸில் இறங்கியது பக்கத்து ஊர்த் தாத்தா. அடுத்த பஸ்ஸில் இரண்டு சிமெண்ட் மூட்டை. அதற்கடுத்த பஸ் நிற்கவே இல்லை. யாரோ கொடுத்த வேர்க்கடலையைத் தம்பிக்கென்று பாவாடையில் முடிந்துவைத்து, அப்புறம் பசி தாங்காமல் அதை ஒவ்வொன்றாகத் தானே தின்றுவிட்டதையும் எழுதியிருந்தாள். கடைசி வரி, "ஆரன் சத்தம் கேட்குது." அதோடு தாள் தீர்ந்துவிட்டது.

அந்தத் தாளை நான் இரண்டு தடவை படித்தேன். மார்க் போட்ட பிறகு, மார்க்குக்குச் சம்பந்தமில்லாமல் இன்னொரு தடவையும் படித்தேன். அம்மா அந்த பஸ்ஸில் வந்தாளா இல்லையா என்று அவளைக் கேட்கலாம். கேட்க மனசு வரவில்லை. பத்துக்கு ஒன்பது போட்டேன். ரஃபீக் சார் போட்டது மூன்று. ஆசிரியர் அறையில் அத்தனை பேர் முன்னாலும் அவரிடம் சண்டைக்குப் போனேன். சார் பதறவே இல்லை.

"பயணக் கட்டுரைல கடைசி வரைக்கும் யாரும் பஸ்ஸே ஏறல டீச்சர். எதுக்குன்னு நான் மார்க் போடறது?"

மழை வரும் பக்கம்

மறுவருஷம் கோகிலா எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, மாதத் தேர்வு எல்லாமே இனி ஒரு மார்க்தான் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைகள் வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும், மிஷின் திருத்திக்கொள்ளும். தாளின் தலையிலேயே, ஓரத்தில் எதையும் எழுதக் கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். பொய் சொல்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன். சாயங்காலம் கட்டுச் சுமக்காமல் வெறுங்கையோடு இறங்குகிற சுகம் உங்களுக்கும் தெரியும்.

அந்தத் தாள்களில் ஒன்றில், பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று சேர்த்த சுலபக் கேள்வி ஒன்று. மழை எங்கிருந்து வருகிறது? அ) மேலிருந்து. ஆ) கீழிருந்து. இ) பக்கத்திலிருந்து. ஈ) இவற்றில் எதுவுமில்லை. இதைப் படித்துவிட்டு யார் தப்பாகப் போடுவார்கள் என்று சிரித்தேன். கோகிலா போட்டிருந்தாள். "கீழிருந்து" என்பதைக் கருப்பாக்கிவிட்டு, எழுதக் கூடாத ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதியும் வைத்திருந்தாள். "எங்க ஊட்டுக்குக் கீழ பள்ளத்துல இருந்து மேகம் ஏறி வரும். மொதல்ல பலாமரம் மறையும். அப்புறம் மாட்டுக்கொட்டாய் மறையும். அப்புறம் ஊடு மறையும். அப்புறந்தான் நனைவோம்." ஓரத்தில் எழுத்து இருந்ததால் மிஷின் தாளையே ஏற்காமல் துப்பிவிட்டது. அவள் மற்ற கேள்விகளுக்குப் போட்ட சரியான விடைகளும் அதோடு போயின.

எனக்குக் கோபம் வந்தது. மிஷின்மேல் வந்த கோபத்தை, வழக்கம்போல, எதிரில் நின்ற பிள்ளைமேல் காட்டினேன். "மழை மேலே இருந்துதானே கண்ணு விழுது? அண்ணாந்து பார்த்ததே இல்லையா நீ?" என்றேன். அவள் பயப்படவில்லை. எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்தவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"உழுகறது மேல இருந்துதாங்க டீச்சர். வர்றது கீழ இருந்துங்க."

கூட்டாகக் களை எடுத்தது

அடுத்த மாதத் தாளில் வேறொரு கூத்து. எட்டாம் வகுப்பு முழுக்க ஒரே மாதிரி விடை. சரியும் ஒன்று, தப்பும் ஒன்று. அது போதாதென்று நடுவில் ஐந்து கேள்விகளை வகுப்பே காலியாக விட்டிருந்தது. கட்டுரை என்றால் ஒருத்தன் எழுதியதை வகுப்பு முழுக்கக் காப்பியடிக்க நேரமும் போதாது, தெம்பும் போதாது. ஒரு மார்க் கேள்விக்கு ஓர் இருமல் போதும். பிரம்பை மேஜைமேல் ஓங்கி வைத்தேன், யாரையும் அடிக்க இல்லை, சும்மா சத்தத்துக்கு. வகுப்புத் தலைவன் பிரகாஷ் எழுந்தான். அவன் முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை.

"ஆளுக்கு அஞ்சு கேள்வின்னு பிரிச்சுக்கிட்டோங்க டீச்சர்" என்றான். மலையில் சாமைக்காட்டுக் களை அப்படித்தான் எடுப்பார்கள். இன்றைக்கு உன் காட்டுக்கு எல்லாரும், நாளைக்கு என் காட்டுக்கு எல்லாரும். கூலி கிடையாது, கணக்கும் கிடையாது. தனித்தனியாக ஒரே வேலையை ஆளாளுக்குச் செய்வதுதான் அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். அது தப்பு என்று நான் வாய் வலிக்க விளக்கினேன். தலையாட்டினார்கள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள் என்றும் தோன்றியது. கடைசியில், அந்த ஐந்து கேள்விகளை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

"எல்லாரும் களை எடுத்துக் கரையேறிட்டோங்க டீச்சர். கோகிலா மட்டும் மொதச் செடிகிட்டயே இன்னும் பேசிக்கிட்டு நிக்குதுங்க."

அப்பா வைத்த கெடு

தை மாதம் குடகுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கோகிலாவின் அப்பா பள்ளிக்கூடம் வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு பை மிளகு. உள்ளே வா என்றால் வரவில்லை. வாசல் படியிலேயே நின்று பேசினார். வழக்கமாகப் போய்த் திரும்புகிற சோலி இந்த வருஷத்தோடு சரி. வைகாசியில் குடும்பத்தோடு ஒரேயடியாகக் குடகு எஸ்டேட்டுக்கே போய்விடப் போகிறார்கள். அங்கே கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு கொடுக்கிறார்கள். சித்தப்பா குடும்பமும் கூடப் போகிறது. மலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வீடு இல்லை.

"அங்கே பள்ளிக்கூடம்?" என்றேன். கன்னடம்தானாம். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை அங்கே போய் எந்த வகுப்பில் உட்காரும்? உட்காராது. அம்மாவோடு மிளகு உதிர்க்க உட்காரும். சேலம் தாண்டி, பஸ் மாறி மாறிப் போக வேண்டிய ஓர் ஊரில், விடுதியோடு கூடிய நல்ல பள்ளி ஒன்று இருக்கிறது. மலைப் பிள்ளைகளை நுழைவுத் தேர்வு வைத்து எடுப்பார்கள். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாசியில் தேர்வு. அதைச் சொன்னேன். அந்தத் தேர்வும் முழுக்க முழுக்க ஒரு மார்க் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைய இழுத்துக்கிட்டுப் போகோணும்னு எங்களுக்கு ஆசைங்களா? அந்தப் பரீட்சைல தேறிடுச்சுன்னா உட்டுட்டுப் போறனுங்க. தேறலீன்னா எங்ககூடத்தாங்க."

நாலுக்கும் பாவம் பார்ப்பவள்

இப்படித்தான் நான், ஆயுசில் முதல்முறையாக, ஒரு பிள்ளைக்கு எழுதாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் கோகிலா வருவாள். கேள்வியைப் படிப்பாள். நாலு விடையையும் படிப்பாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். பசிக்குச் சாப்பிடுவது எது, ருசிக்குச் சாப்பிடுவது எது என்பது மாதிரி ஒரு சின்னக் கேள்விக்கும் அவளிடம் நாலு பக்கம் நியாயம் இருந்தது. "நாலும் சரியா வர்ற மாதிரி ஒரு நாள் இருக்குமில்லீங்களா டீச்சர்?" என்பாள். இருக்கும் கண்ணு, தேர்வன்றைக்கு இருக்காது என்பேன்.

என்னால் ஆகாது என்று ரஃபீக் சாரிடம் போனேன். பயணக் கட்டுரைக்கு மூன்று மார்க் போட்ட அதே மனுஷன் மறுபேச்சில்லாமல் தன் டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சரியானதைத் தேடாதே சாமி. தப்பானதை முதல்ல வெளியே தள்ளு. ரெண்டைத் தள்ளிட்டா மிச்சம் ரெண்டுதான். அப்புறம் யோசி" என்று அவருக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தினமும் செய்தார். மற்ற கணக்குப் பிள்ளைகளிடம் காட்டாத பொறுமையை இவளிடம் காட்டினார். நான் என் பங்குக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தேன். ஓரத்தில் எழுதாதே. தோன்றுவதை எல்லாம் மனசிலேயே வைத்துக்கொள், தேர்வு முடிந்ததும் வேண்டுமட்டும் எழுதிக் கொடு, நான் படிக்கிறேன் என்றேன். அவள் கெட்டிக்காரி. பத்துப் பதினைந்து நாளில் ஓரம் வெள்ளையாகிவிட்டது. வட்டங்கள் எல்லாம் மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி சரியான இடத்தில் கருப்பாக இருந்தன. சார் தன் ஓட்டை அட்டையைத் தாள்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, துள்ளிக் குதிக்காத குறைதான். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் அந்த வெள்ளை ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கேயாவது தப்பித்து விழுந்திருக்காதா என்று தேடினேன். இல்லை.

தேர்வுக்கு அவளை அழைத்துப் போனதும் நான்தான். வெளியே வந்தவளிடம், "இப்போ எழுது கண்ணு, உன் இஷ்டம், எவ்வளவு வேண்டுமானாலும் எழுது" என்று பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். நான் இரண்டு டீ வாங்கிவந்து, ஆற்றி, என்னுடையதைக் குடித்தும் முடித்தேன். தாள் அப்படியே இருந்தது.

"எழுதோணும்னுதான் இருக்குதுங்க டீச்சர். ஆனா ஒண்ண நெனச்சா, ஒடனே இது தப்புன்னு தள்ளீர்றனுங்க."

மலைவாழைத் தார்

தேறிவிட்டாள். சும்மா இல்லை, பட்டியலில் நன்றாக மேலே தேறிவிட்டாள். தலைமை ஆசிரியர் பிரேயரில் அவளை மேடையேற்றி அத்தனை பேரையும் கைதட்டச் சொன்னார். பிரகாஷ் கூட்டம் விசிலடித்தது. அவர்களைப் பொறுத்தவரை அது மொத்த வகுப்பும் எடுத்த களை. ரஃபீக் சார் கடையிலிருந்து ஒரு சுடிதார்த் துணி கொண்டுவந்து, வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள் என்று பொய் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

குடகிலிருந்து திரும்பிய அவள் அப்பா ஒரு மலைவாழைத் தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்களாம். லைன் வீட்டுக்குச் சாமான் எல்லாம் போய்விட்டது. போக எழுந்தவர், கதவருகே நின்று கேட்டார்.

"கட்டுரை எழுதுற புள்ளைன்னு முன்ன சொல்லுவீங்களே டீச்சர், வட்டம் போட்டே தேறிருச்சுங்களாமே. அப்ப அந்த எழுத்து எதுக்குங்க ஆவுது?"

ஓரத்தில் என்ன தேடுகிறீர்கள்

ஆனிமாதம் பள்ளி திறந்தது. கடைசி பெஞ்சில் வேறொரு பெண் உட்கார்ந்தாள், நல்ல பெண். மாதத் தேர்வு வந்தது. வட்டம் வட்டமாகத் தாள்கள் வந்தன. வெறுங்கையோடு மலை இறங்கினேன். ஒரு காலத்தில் பாயசம் வைத்துக் கொண்டாடிய அதே வெறுங்கை. இப்போது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தேன், பையைத் தடவினேன். மடியில் கனம் இல்லாமல் தூக்கம்கூட வரவில்லை.

பிள்ளைகள் என்னோடு பேசிக்கொண்டிருந்தது எல்லாம் அந்த மட்டமான காகிதத்தில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நேரில் கேட்டால் "ஆமாங்க டீச்சர், இல்லீங்க டீச்சர்". கட்டுரையில் மட்டும் எருமை கன்று போட்டதும், அண்ணன் ஊரைவிட்டு ஓடியதும், பலாப்பழம் வெடித்து நாசமானதும் முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவில் எப்படியோ நுழைந்து வந்துவிடும். நான் எழுத்துப் பிழையை வட்டமிட்டுக்கொண்டே அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மிஷினுக்கு அனுப்பும் முன் எல்லா ஓரத்தையும் பார்க்கிறேன். ஒருநாள் அந்தக் கட்டைப் பஸ்ஸுக்கே கொண்டுவந்து தேடியபோது, முன் ஸீட்டிலிருந்து ரஃபீக் சார் திரும்பினார்.

"ஓரத்துல என்னங்க டீச்சர் தேடறீங்க? அது மலையை விட்டு எறங்கிருச்சு."

ஞாயிற்றுக்கிழமைப் போன்

விடுதியில் ஞாயிறு மத்தியானம் பிள்ளைகளைப் போன் பேச விடுவார்கள். குடகு எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பது அபூர்வம். அதனால் அப்பா கிடைக்காத வாரங்களில் கோகிலா என்னைக் கூப்பிடுவாள். ஞாயிறு காலையிலிருந்தே போனைச் சார்ஜில் போட்டுவைத்து, குளிக்கப் போனாலும் கதவருகே வைத்துவிட்டுப் போவேன். வீட்டில் கேலி செய்வார்கள். மணி அடிக்கும். "நல்லா இருக்கியா கண்ணு?" "நல்லா இருக்கேனுங்க டீச்சர்." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேனுங்க." "பாடம் புரியுதா?" "புரியுதுங்க." "பிள்ளைகள் எல்லாம் நல்லாப் பழகறாங்களா?" "ஆமாங்க டீச்சர்." அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் சத்தம் கேட்கும். போன் கட்டாகிவிடும். மூன்று பக்கம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண் அவள்!

திங்கட்கிழமை பஸ்ஸில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் மாறிவிட்டாள் என்றேன், நாம்தான் மாற்றிவிட்டோம் என்றேன், அவளுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது என்றேன். ரஃபீக் சார் கேட்டுக்கொண்டே, தான் வகுப்பில் வைத்த கணக்குத் தேர்வுத் தாள்மேல் ஓட்டை அட்டையை வைத்து ஒரு வகுப்பை முடித்தார். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தார். "நீங்க கேக்கறதெல்லாம் ஒரு மார்க் கேள்வி டீச்சர். ஆமாம், இல்லைன்னு ரெண்டு வட்டம் குடுத்தா அந்தப் புள்ள ஒண்ணத்தானே கருப்பாக்கும்? நெடுவினா கேளுங்க." தமிழாசிரியர்களே, கணக்கு வாத்தியாரிடம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது எனக்கு. மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. சேந்தமங்கலத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நல்லா இருக்கியா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "கண்ணு, அங்கே மழை எங்கிருந்து வருது?" என்றேன். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் சீக்கிரம் சீக்கிரம் என்பது கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை. அப்புறம் அவள் பேசினாள். நிறுத்தத் தெரியாத அந்தப் பழைய கோகிலா, எழுதுகிற மாதிரியே பேசினாள்.

"இங்க மேல இருந்துதாங்க டீச்சர் வருது. நேத்து மாடி ஜன்னல்கிட்டப் போயி நின்னேனுங்க. பள்ளமே இல்லீங்க இங்க, எங்க பாத்தாலும் மட்டமா இருக்குது. பலாமரம் மறையறதில்ல. மாட்டுக்கொட்டாய் மறையறதில்ல. ஒண்ணும் மறையாமயே திடீருன்னு தலையில உழுந்துருதுங்க. நம்மூருல அது ஏறி வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே நிக்கலாம், தம்பிய உள்ள கூப்புடலாம், வெறகு எடுத்து வெக்கலாம். இங்க நிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க டீச்சர். அம்மா இருக்கற எடத்துல எப்படி வரும்னு யாருகிட்டயாவது கேக்கோணும். குடகும் மலைதானுங்களே, அங்கயும் கீழ இருந்துதான வரும்?"

விடைக்குறிப்பின்படி, மழை மேலிருந்து வருகிறது என்று கோகிலா இப்போது சொன்னதுதான் சரியான விடை, அதற்குரிய ஒரு மார்க்கைப் போடத்தான் என் சிவப்புப் பேனாவுக்கு இன்னும் மனசு வரவில்லை.